அடகுக்கல்ல, காப்பிக்கு

என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் காப்பி பில்டர் இப்போது சேலத்தில் என் மகனுடைய காப்பிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அடிப்பக்கம் ஒரு நசுங்கல். பார்க்கிறவர்கள் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அலங்காரமாவது! எங்கள் பிழைப்பைக் காப்பாற்றியதே அதுதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் எடப்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கடைவீதியில் காப்பித்தூள் கடை நடத்திக்கொண்டிருந்தவர் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நங்கையா என்பேன். ஏற்காட்டுக் கொட்டை வாங்கி, தானே வறுத்து, மிஷினில் அரைத்துக் கொடுப்பார். தறிக்காரர் வீடுகளிலெல்லாம் எங்கள் தூள்தான். அப்படியிருக்கையில் எதிர் வரிசையில் சேலத்துக்காரர் ஒருவர் பளபளவென்று கடை திறந்து, அரைக் கிலோ தூளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் இனாம் என்றார். அவ்வளவுதான், ஊரே அந்தப் பக்கம் சாய்ந்தது. எங்கள் மிஷின் பாதி நாள் சும்மா கிடந்தது. இப்படியே போனால் ஆடிக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்ற என் வீட்டுக்காரர், சிக்கிரியைக் கூட்டி விலையைக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னார். நங்கையா ஒத்துக்கொள்ளவில்லை. "நாம கொறச்சா அவனுங் கொறைப்பான். கடைசீல ரெண்டு பேரும் வெறுஞ் சிக்கிரிதான் விக்கோணும்" என்று முடித்துவிட்டார்.

அந்த வாரமே ஒரு தறிக்காரர் வீட்டம்மா சண்டைக்கு வந்தார். எங்கள் தூளில் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறதாம். வந்த கோபத்தில் ஊர் பார்ப்பதையும் மறந்து ஈரத்தூளோடு பில்டரையே தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். நங்கையா அதைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓட்டைகள் ஊசிமுனை அளவுதான் இருந்தன. என் சீர்ப் பில்டரையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அதில் ஓட்டைகள் பெரியவை. அதனால்தான் எங்கள் வீட்டுக் காப்பி எப்போதும் தண்ணீராக இருந்திருக்கிறது! வந்தவருக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துக் கொடுத்தார். மறுநாள் அந்தம்மா சிரித்துக்கொண்டே வந்து இன்னும் கால் கிலோ வாங்கிப் போனார். நங்கையாவுக்குப் பொறி தட்டிவிட்டது. அவரவர் பில்டரைக் கொண்டுவாருங்கள், அதற்குத் தகுந்தாற்போல் அரைத்துத் தருகிறோம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒருவரும் கொண்டுவரவில்லை. எப்படிக் கொண்டுவருவார்கள்? எங்கள் ஊரில் ஒரு பெண் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்கு வந்தால் அடகுக் கடைக்குத்தான் போகிறாள் என்று அர்த்தம். இது எங்களுக்கு உறைக்கவே நாளாயிற்று. உறைத்ததும் நங்கையா என்னைத்தான் பார்த்தார். சந்தை நாளில், பட்டப்பகலில், வீட்டிலிருந்து கடைவரை என் பில்டரை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டுமாம். புது மருமகள் நான், எனக்கு உயிரே போய்விட்டது. "ஆராச்சும் கேட்டாச் சத்தமாச் சொல்லு சாமி" என்று அனுப்பிவைத்தார்.

பாதி வழியில் தையல்காரர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, அடகுக்குங்களா?" என்று பரிவாகக் கேட்டார்.

"இல்லீங்க, காப்பிக்குங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பில்டர் கைநழுவி விழுந்து உருண்டது. அந்த நசுங்கல் அப்போது வந்ததுதான். சந்தையே சிரித்தது. நானும் வெட்கம் விட்டுச் சிரித்துவிட்டேன்.

அடுத்த சந்தைக்குள் வயர்க் கூடைகளில் பில்டர்கள் வர ஆரம்பித்தன. மேட்டூர் அணை குவார்ட்டர்ஸிலிருந்துகூடப் பஸ் ஏறி வந்தார்கள். எதிர்க்கடை டம்ளரில் எங்கள் காப்பியைக் குடித்தது ஊர். எண்பதுகளில் மேட்டூரிலும் ஒரு கடை போட்டோம். ஒருநாள் எதிர்க்கடைக்காரரின் மனைவியே முந்தானைக்குள் பில்டரை மறைத்துக்கொண்டு வந்தார். நங்கையா ஒரு கிண்டலும் செய்யாமல் பக்குவமாக அரைத்துக் கொடுத்தார். அந்தம்மா தெரு திரும்பியபிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்று மகன் கடையில், உங்கள் வீட்டில் எதில் காப்பி போடுகிறீர்கள் என்று கேட்டுத்தான் அரைக்கிறார்கள். இது தன்னுடைய புது யோசனை என்று அவனுக்கு ஒரே பெருமை. போன வாரம் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பில்டரை எடுத்துக்கொண்டு எடப்பாடிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நங்கையா வீடுவரை உயர்த்திப் பிடித்தே நடந்தேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவ்வளவு ஆசை. செல்போனிலிருந்து ஒருவரும் தலை தூக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நங்கையா மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

"ஏஞ்சாமி, அடகுக்கா?"