கேட்காமல் எடுத்த தண்ணீர்

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அடுத்த தோப்பு பெரியப்பா மகனான அண்ணனுடையது. இருவருக்கும் பொதுவில் ஒரே கிணறு, ஆளுக்கொரு மோட்டார். ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. அவர் தோட்டத்திலேயே குடியிருக்கிறார். நான் சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் விவசாயி ஆகிவிட்டு வருவேன்.

ஊரில் பாதிப்பேர் இப்போது போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறார்கள். எனக்கு அது போதவில்லை. படித்த கொழுப்பு. ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, செருப்பு அலமாரிக்கு மேலே வைத்து, சர்வர் என்று பெயர் சூட்டினேன். அதில் ஒரு ஏஐ ஏஜென்டை ஓடவிட்டேன். கிணற்றின் நீர்மட்டம், மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம், மழை வருமா வராதா, எல்லாவற்றையும் அதுவே பார்க்கும். அதுவே முடிவெடுத்து மோட்டாரைப் போடும். செய்து முடித்ததை எனக்கு ஒரு வரியில் எழுதி அனுப்பும். கேன்டீனில் இதைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

முறைத் தண்ணீரில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் கல்யாணம் காட்சி என்று வெளியே போனால் அன்று அவர் முறை சும்மா கிடக்கும். எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு உங்க முறைய நான் ஓட்டிக்கட்டுங்களா?"

"ஓட்டிக்க கண்ணு. இதுக்கெல்லாம் கேக்கோணுமா?"

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மாட்டேன் என்றதில்லை. ஆனால் கேட்காமல் நானும் எடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை.

ஏஜென்டுக்கு இந்த வழக்கத்தை எழுதிக்கொடுத்தபோது, கேட்கிற பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். எப்போதும் ஒரே பதில் வருகிற கேள்வியை எதற்குக் கேட்பது? எங்கள் தொழிலில் இதைத்தான் புத்திசாலித்தனம் என்கிறோம். "அண்ணன் முறை நாளில் காலை ஒன்பது மணி வரை நீர்மட்டம் இறங்காவிட்டால் நாம் ஓட்டிக்கொள்ளலாம்" என்று எழுதினேன்.

பக்கத்தில் நின்று பார்த்த என் மனைவி, "உங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போனேன், அண்ணி கையால் வயிறு நிறையச் சாப்பிட்டேன், சொல்லவில்லை.

பிறகு அந்த அண்ணிக்கு உடம்பு முடியாமல் போய், கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணன் கூடவே இருந்தார். நானும் ஆபீஸ் விட்டு இரண்டு முறை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்த வாரம் ஏஜென்ட் எனக்கு நல்ல சேதியாகவே அனுப்பியது. "இன்று பயன்படாமல் நின்ற நீர் எடுத்துக்கொள்ளப்பட்டது." ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி அதைப் படித்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாகப் போட்டேன். சத்தியமாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பத்தடி தள்ளி, அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படி முட்டிக்கொள்ளாமல் இருந்தன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எட்டாம் நாள் அண்ணி இறந்துபோனார்.

எங்களில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், எடுத்து முடிக்கிற வரை யார் தோட்டத்திலும் மோட்டார் ஓடாது. நான் அண்ணன் வீட்டு வாசலில் சாமியானாவுக்கு அடியில் மற்றப் பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் எடுப்பதற்கு எல்லாம் தயாராகி, பெண்கள் கடைசியாகச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தபோது த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. என் மோட்டார் உறுமியது. வீட்டுக்குப் பின்னாலேயே என் தொட்டி. அதில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் சாமியானா முழுக்கக் கேட்டது. அழுகைகூட ஒரு நொடி நின்றது.

"ஆருங்க அது, எழவு ஊட்டுல மோட்டாரு போட்டது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

போனை எடுத்து நிறுத்தினேன். நின்றது. ஒரே நிமிடத்தில் மறுபடி ஓடியது. இடையில் மோட்டார் நின்றுபோனால் திரும்பப் போடு என்று சொல்லிக்கொடுத்த மகராசன் நானேதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. மோட்டார் ரூமுக்கு ஓடிப் போய் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் போட்டேன். திரும்பி வந்தபோது பாடையைத் தூக்கியிருந்தார்கள். அண்ணிக்கு நான் கொடுக்க வேண்டிய தோளை வேறு யாரோ கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் நடந்து போனேன்.

கேட்டவர்களிடமெல்லாம், "மெசினு தானாப் போட்டுக்கிச்சுங்க" என்று சொன்னேன். பாவம், நம்பினார்கள். நான் தூக்கிக் காட்டிய கட்டைவிரலை யாரும் பார்த்திருக்கவில்லையே.

கருமாதி முடிந்த மறுநாள் சர்வரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அண்ணனிடம் போனேன். அவர் எனக்கு அண்ணனாக இனி இருப்பாரா மாட்டாரா என்று அன்று தெரிந்துவிடும். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், ஆஸ்பத்திரி வாரத்தையும் சேர்த்து.

அவர் கோபப்படவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆஸ்பத்திரில இருக்கறப்பவே தெரியும் தம்பி. அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரு போன் பண்ணிச் சொன்னாரு. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு உன்னையக் கூப்பிடப் போனேன். உங்கண்ணிதான் உடல. 'கேக்காம எடுக்கற பையனா அவன்? மரமெல்லாம் காஞ்சுபோச்சாட்ட இருக்குது, நம்மளைய இந்த நெலமைல கேக்கறதுக்குச் சங்கடப்பட்டிருப்பான், ஓட்டிக்கட்டும் உடுங்க'ன்னா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நெசமாலுமே அத்தனை காஞ்சு கெடந்துச்சா தம்பி?"

என் தோப்பில் ஒரு மரம்கூடக் காயவில்லை.

"ஆமாங்கண்ணா" என்றேன்.