காலி வயிற்றில் மலை இறங்கியவள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டேதான் பேப்பர் திருத்துவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வாரத்தில் இது இன்னும் மோசமாகும். கதவு சத்தமாகச் சாத்தினால்கூட எரிந்து விழுவேன்.

வீடு ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வெள்ளக்கடை. தினமும் பஸ்ஸில் சேலம் இறங்கி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ரைட்டர், கணக்குப்பிள்ளை. அதனால் உடம்பின் ஒரு செல்லுக்குள் செய்தி போவதை எஸ்டேட்டில் உத்தரவு போவதை வைத்தே நடத்துவேன். ரைட்டர் மேஸ்திரியிடம் சொல்ல, மேஸ்திரி ஆட்களிடம் சொல்ல, வேலை தொடங்கும். கைனேஸ் என்ற புரதம் இன்னொரு புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டியதும் அது விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும். கடைசியில் செல் இரண்டாகப் பிரியும். ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்க வேறு புரதங்கள் உண்டு, கைனேஸும் ஓயும். தொடங்கச் சொல்வதைவிட நிறுத்தச் சொல்வதுதான் முக்கியம் என்று போர்டில் எழுதி அடிக்கோடு போடுவேன்.

எனக்கு வந்த ரத்தப் புற்றுநோய் சரியாக அந்த அடிக்கோட்டில் வந்து உட்கார்ந்தது. மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, உடைந்த பகுதிகளை மாற்றி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டில் பிறந்த கைனேஸுக்கு ஓயத் தெரியாது. வெள்ளணுக்களைப் பெருக்கு என்று யாரும் கேட்காமலே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும்.

அதற்கு மாத்திரை இருக்கிறது. கைனேஸுக்குப் பாஸ்பேட் கொடுப்பது ஏடிபி என்ற மூலக்கூறு. அது வந்து உட்கார கைனேஸில் ஒரு பள்ளம் உண்டு. மாத்திரை முந்திக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடும். சேலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். ஒரே விஷயம், துண்டு தினமும் விழ வேண்டும்.

நான் தினமும் போடவில்லை. மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். மலையில் பலரையும் போல நானும் காலி வயிற்றோடுதான் பஸ் ஏறுவேன். ராத்திரிக்கு மாற்றிப் பார்த்தேன். அசதியில் அப்படியே தூங்கிப்போவேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்டால் கண்ணைச் சுற்றி வீங்கும், அந்த முகத்தோடு வகுப்புக்குப் போக எனக்கு வெறுப்பாக இருந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் எண் ஏறியது. சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "தினமும் போடறீங்களா?"

"தினமும்தாங்க" என்றேன். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் நம்பிவிட்டார். "அப்படின்னா கைனேஸோட பள்ளமே வடிவம் மாறியிருக்கலாம். மாறிட்டா மாத்திரை உட்காராது. அதுக்கு ஒரு டெஸ்ட் அனுப்புவோம். மாத்திரை கேக்காமப் போனா மஜ்ஜை மாத்த வேண்டி வரலாம். கூடப்பொறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, மஜ்ஜை பொருந்துதான்னும் பாத்து வெச்சுக்கலாம்."

மாரமங்கலத்தில் எனக்கு ஒரு தம்பி, விவசாயி. ஊசி என்றாலே முகம் வெளுக்கும் ஆள். பறித்த மிளகைக் களத்தில் அப்படியே போட்டுவிட்டு மறுநாளே வந்து நின்றான். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கச் சொல்லுங்க அக்கா. எனக்கு நொம்ப மஜ்ஜை இருக்குது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேலம் இறங்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனும் சாப்பிடாமல்தான் வந்திருந்தான். வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, "வலிக்குமாங்க அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மருந்து மேல தப்பில்ல சாமி. நாந்தான் ஒழுங்காப் போடல."

"தினமும் போடறதாத்தானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

அவன் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான். அப்புறம், "இன்னிக்குப் போட்டீங்களா?" என்றான்.

அன்றும் போட்டிருக்கவில்லை. தம்பியை மஜ்ஜைக்குக் கூட்டிப்போகும் அன்றைக்கும், வாந்திக்குப் பயந்து மாத்திரை அட்டையை அப்படியே கைப்பையில் வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு அவமானம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அடிவாரத்தில் என்னை இறக்கினான். ஒரு கடையில் நாலு இட்லி வாங்கி வைத்தான். நான் சாப்பிட்டு, தண்ணீர் முழுவதும் குடித்து, மாத்திரை உள்ளே போகிறவரை எதிரில் நின்றான். "படிச்சவங்க நீங்க. உங்களுக்கு நா என்னத்தச் சொல்றது?" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மஜ்ஜைப் பேச்சைத் தள்ளி வைத்தார். டெஸ்ட் மட்டும் போனது. பள்ளம் மாறவில்லை என்று முடிவு வந்தது. மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றி, ஒரு நாளும் விடாமல் போட்டதும் எண் இறங்கத் தொடங்கியது. இன்னும் இறங்க வேண்டும். அதனால்தான் முடிவு வரும் வாரங்களில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, நான் மாத்திரை விழுங்குவதைப் பார்க்கத் தம்பி வீடியோவில் கூப்பிடுகிறான். டவர் கிடைக்க அவன் வீட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நிற்க வேண்டும். மழையிலும் குடை பிடித்து நிற்கிறான். போன வாரம், "இனிமே என்னை நம்பலாம் தம்பி, நீ ஏறாத" என்றேன்.

"நம்பறேனுங்க அக்கா" என்றான். "காட்டுங்க."

நான் வாயைத் திறந்து காட்டினேன்.