உபதேசியாரின் ராஜபிளவை

1. சாவி

குலசேகரத்தில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாகச் சேர்ந்தது, நாடு சுதந்திரம் அடைந்து இரண்டொரு வருடம் கழித்து. முதல் நாள் டாக்டர் என் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "எந்தச் சபை?" என்று கேட்டார்.

"ஒரு சபையில இருந்தேன், டாக்டர். விட்டுட்டேன்."

"விட்டுட்டு எதுல சேந்த?"

"எதுலயும் சேரல்ல."

மருந்து அலமாரியின் சாவியை அவர் என்னிடம் நீட்டியிருந்தார். அதை மெதுவாகத் திரும்ப எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கோவிச்சுக்காத. தெய்வ பயம் இல்லாத ஆளு கையில சாவி குடுத்துப் பழக்கமில்ல" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

நான் விட்டது, மலையோரத்தில் ஓலைக்கொட்டகையில் கூடிய ஒரு சின்னச் சபை. நகை கூடாது, பூ கூடாது, வேடிக்கைக்குக்கூடப் பொய் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், மருந்து கூடாது. சுகம் கர்த்தர் தருவது. மாத்திரை விழுங்குகிறவன் அவரை நம்பாதவன். என் அம்மை பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கிடந்தபோது சபை முழுக்க முழங்காலில் நின்று ஜெபித்தது. நன்றாகவே ஜெபித்தார்கள். அம்மை செத்துப்போனாள். கொஞ்ச நாள் கழித்து நான் கூட்டத்தில் எழுந்து, நர்ஸ் படிக்கப் போகிறேன் என்றேன். சபையை நடத்திய உபதேசியார் என்னை அதிலிருந்து நீக்கினார். அதன்பின் அப்பா என்னோடு ஒரே பாயில் இருந்து சாப்பிட்டதில்லை.

2. தண்ணீர் ஊசி

ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு எதற்கும் ஊசி வேண்டும். கால் வலி, தூக்கம் வராதது, மாமியாரோடு சண்டை, எல்லாவற்றுக்கும். டாக்டர் வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊசியில் ஏற்றச் சொன்னார். "நல்ல சத்து மருந்துண்ணு சொல்லிப் போடு."

"போடுகேன், டாக்டர். சத்து மருந்துண்ணு சொல்ல மாட்டேன்."

"உனக்குத்தான் சபையே இல்லியே. பொய் சொன்னா உன்ன யாரு கேக்கது?"

"பொய் சொல்லப்பிடாதுண்ணு சபையிலதான் படிச்சேன். அது நல்ல காரியமாத் தோணிச்சு. விட்டுட்டு வரும்போ அதக் கொண்டு வந்துட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து வந்தவர் ரப்பர் பால்வெட்டுகிற ஒரு பெரியவர். "அண்ணே, இது வெறும் தண்ணி" என்றேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டபடி, "தண்ணியானாலும் ஊசி வழியா போறதாக்கும் மக்களே, நீ போடு" என்றார். தண்ணீர் ஊசிக்கு வருகிற கூட்டம் குறையவேயில்லை. அந்த வாரம் டாக்டர் அலமாரிச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

3. பின்வாசல்

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்காகக் கதவைச் சாத்துகிற சமயம், தலையில் துவர்த்துத் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் பின்வாசல் வழியாக வந்தார். துவர்த்தை எடுத்தபோதுதான் உபதேசியார் என்று தெரிந்தது. சட்டையைக் கழற்றினார். முதுகில் ராஜபிளவை, உள்ளங்கை அகலத்துக்குப் பல கண் வைத்துப் பழுத்திருந்தது. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிரசங்கம் செய்தார் என்று தெரியவில்லை.

டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். பிறகு தினமும் பென்சிலின். ஊசியும் கட்டும் என் பொறுப்பு. எல்லா மத்தியானமும் அவர் குப்புறப் படுப்பார், நான் கட்டை அவிழ்ப்பேன். அம்மையைப் பற்றிக் கேட்க ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. குப்புறக் கிடக்கிறவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

புண் ஆறிய அன்று, "ஏட்டி தங்கபாயி, யாருகிட்டயும் சொல்லிராத" என்றார்.

"இங்க வாற யாரப்பத்தியும் நான் வெளிய பேச மாட்டேன். உங்களுக்காக இல்ல. வேலை அப்பிடி."

4. எஸ்தரின் பிள்ளை

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை அப்பா டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். படி ஏறவில்லை. "எஸ்தருக்க பிள்ளைக்கு மூச்சு இழுக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தார்.

எஸ்தரும் நானும் சபையில் ஒன்றாகப் பாட்டுப் படித்தவர்கள். நான் போனபோது அவள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. உதடு நீலம். நிமோனியா என்று பார்த்தவுடன் தெரிந்தது. கொண்டுவாருங்கள், ஊசி இருக்கிறது என்றேன். எஸ்தரின் கணவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"எங்க உபதேசியாரு ஒரு மாத்திரை தொட்டிருப்பாரா? நீயே சொல்லு."

பதில் என் வாயில் இருந்தது. தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னால், என்னை நம்பிக் குப்புறப் படுத்தவரின் முதுகைத் தெருவில் விரித்துக் காட்டியதாக ஆகும். பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"அத எனக்ககிட்ட கேக்காதீங்க. கேக்க வேண்டிய ஆள கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஜெபிக்கேன்" என்றார்.

"எங்க அம்மைக்கும் ஜெபிச்சீங்க. நான் அன்னைக்கு ஒண்ணும் கேக்கல்ல. இன்னைக்குக் கேக்கேன். நீங்க போயிச் சொல்லுவீங்களா?"

"சொன்னா எனக்குச் சபை இருக்குமா, மக்கா?"

"இருக்காது. எனக்கும் இல்ல. நீங்க போவலண்ணா நான் போயிச் சொல்லுவேன். பெறகு டாக்டர்கிட்ட சாவியக் குடுத்திருவேன். நர்ஸ் வேல எனக்கு இனிப் பொருந்தாது. ஆனா உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். அதுக்காக்கும் இங்க வந்தது."

அவர் வேதத்தை மூடினார். அடையாளத்துக்கு எதுவும் வைக்கவில்லை. குடையும் எடுக்கவில்லை. மழையில் எனக்கு முன்னால் நடந்தார்.

எஸ்தர் வீட்டு முற்றத்தில் சபையார் சிலர் கூடியிருந்தார்கள், அப்பாவும் நின்றார். உபதேசியார் வீட்டுச் சுவரோரம் போனார். ஈரச் சட்டையைக் கழற்றி, எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"பென்சிலின்" என்றார், சுவரைப் பார்த்து. "இந்தப் பிள்ளைதான் போட்டா."

எஸ்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கணவனைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். நான் அவளோடு ஓடினேன்.

பிள்ளை பிழைத்தது. சபையார் கூடி உபதேசியாரை நீக்கினார்கள். அவர் மருந்து எடுத்ததற்காக மட்டுமல்ல, எடுத்ததை மறைத்ததற்காகவும். இரண்டாவது காரணம் எனக்கும் நியாயமாகவே பட்டது. அப்பா கடைசிவரை சபையிலேயே இருந்தார். ஆனால் யாருக்காவது மூச்சு இழுத்தால் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போவார்.

5. ஞாயிற்றுக்கிழமை

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உபதேசியார் வந்தார். முன்வாசல் வழியாக. நோய் ஒன்றும் இல்லை. நான் கிணற்றடியில் பேண்டேஜ் துணிகளைக் கொதிக்கவைத்து அலசிக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழம நீ என்ன செய்வ?" என்று கேட்டார்.

"துணி தொவைப்பேன்."

"அவ்வளவுதானா?"

"நெறைய துணி உண்டு."

"சபை இல்லாதவன் என்னத்தப் பிடிச்சுட்டு நடக்கது, தங்கபாயி?"

நீளமான துணி ஒன்று என் கையில் இருந்தது. "அந்தத் தலப்பப் பிடியுங்க" என்றேன். பிடித்தார். இருவரும் முறுக்கிப் பிழிந்தோம். மத்தியானம்வரை இருந்தார்.

புதிதாக நர்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோயாளி உங்களிடம் காட்டிய உடம்பு அவருடையது. அதைப் பற்றிப் பேச வேண்டியவரும் அவர்தான். அவர் பேசாமல் இருந்தால் இன்னொரு உயிர் போகும் என்கிற நிலை வந்தால், முதலில் அவர் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மழையாக இருந்தாலும் போங்கள்.