மாம்பழம் சுற்றிய என் நாவல்

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்கிய நாவலை, 'ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம்' என்று மாதக்கணக்கில் பையைவிட்டே எடுக்காமல் வைத்திருந்தேன்.

போன வாரம் ஷிப்ட் முடிந்து வந்தால், என் கணவர் பெங்களூரில் இருக்கும் தன் அக்காவுக்கு ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பிவிட்டு, அடுத்த பெட்டிக்குப் பழம் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய தாள், என் நாவல்!

"யாரைக் கேட்டுக் கிழிச்சீங்க?"

"நீதான் தொடவே இல்லையே. வேண்டாததுன்னு நெனச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க தொடாத கேரம் போர்டை நான் ஒடச்சு அடுப்புல வெச்சனா?"

பழங்களைப் பிரித்து, தாள்களை நீவி அடுக்கும்போதே படிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. ஆனால் கடைசி அத்தியாயம் இல்லை; அது முதல் பெட்டியோடு பெங்களூரு போய்விட்டது. பின்னாலிருந்து கிழித்திருக்கிறார் மனுஷன்! மறுநாள் நாத்தனாருக்கு போன் செய்தேன்.

"அந்தத் தாளா? நான் படிச்சுட்டேன்மா. முடிவைச் சொல்லட்டா?"

"சொல்லாதீங்க! அந்தத் தாளை அனுப்பி வைங்க!" என்று கத்தி போனை வைத்தேன்.

இப்போது பஸ் ஏறியதும் செல்போனைத் தொடுவதில்லை, ஏதாவது ஒரு புத்தகத்தைத்தான் பிரிக்கிறேன். அதை வீட்டில் விட்டுப் போவதும் இல்லை. மாம்பழ சீசன் இன்னும் முடியவில்லையே!