செங்கல்பட்டில் என்னை இறக்கிவிட்டாள்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அம்மா நடக்கத் தொடங்கியதும், முடிச்சூர் வீட்டைப் பூட்டிவிட்டு அவளைச் சிறுசேரியில் தன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போவதென்று அண்ணன் முடிவு செய்தான். இனி அவளால் தனியாக இருக்க முடியாதாம். நானும் தலையாட்டினேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ரயில்ல வேடந்தாங்கல் போறேன். அந்த வாட்ச் டவர்ல ஏறி பறவை பாத்துட்டு வரேன். முடியலன்னா நானே பெட்டியக் கட்டறேன். முடிஞ்சா இந்தப் பேச்ச விட்டுடணும்."

பங்குனி பாதி தாண்டியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் பறவைகள் கிளம்பிவிடும். அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றான், துணைக்கு என்னை அனுப்பினான்.

துணை என்று வந்துவிட்டால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. தாம்பரம் நடைமேம்பாலத்தில் அவள் முழங்கையை விடவேயில்லை. விழுப்புரம் பாசஞ்சரில் அவளுக்காகச் சண்டை போட்டு இடம் பிடித்தேன். எதிரே இருந்த பெண், "எங்கம்மா போறீங்க?" என்று அவளைக் கேட்டாள். பதில் சொன்னது நான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செங்கல்பட்டு நெருங்கும்போது அண்ணன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாத்தையும் நீதான பாத்துக்கற? அப்புறம் இது எப்படி கணக்குல வரும்?"

அம்மா என் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். "இறங்கு."

"விளையாடாதம்மா."

"அவன் சொல்றது நியாயம்தான். நீ இறங்கு."

இறங்கினேன். அந்தக் குரலுக்கு இந்த வயதிலும் கீழ்ப்படிந்துதான் பழக்கம். வண்டி கிளம்பியதும் முதலில் கோபம் வந்தது, பிறகு பயம். வேடந்தாங்கலுக்குப் படாளத்தில் சரியாக இறங்குவாளா, ஆட்டோ கிடைக்குமா, படியில் கால் மடங்கினால் யார் தூக்குவார்கள். பஸ் பிடித்துப் பின்னாலேயே போய்விடலாம் என்று பிளாட்பார பெஞ்சிலிருந்து எழுந்தேன். போனால் அவளை நானே தோற்கடித்ததாக ஆகிவிடும். மறுபடி உட்கார்ந்தேன்.

மதியம் போன் வந்தது. "உங்கண்ணனையும் லைன்ல சேத்துக்கோ."

சேர்த்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒரே இரைச்சல். ஏரி முழுக்கப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

"மேலதான் நிக்கறேன். ரெண்டு பேருக்கும் கேக்குதா?"

அண்ணன் தயங்கிக் கேட்டான், "வீட்டுக்கு எப்பம்மா வருவ?"

"என் வீட்டுக்குத்தான?" என்றாள். "எனக்கு எப்ப தோணுதோ அப்ப."