ஹேமோவின் அடுப்பும் ஏவிஸ் ஹாக்பென்னும்

ஏவிஸ் ஹாக்பென் பிறந்தது கென்ட் பக்கத்து எல்டர்ஹர்ஸ்டில். வயது அறுபத்தொன்று. தொடக்கப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சமையல் வேலை. எந்தப் பிள்ளை பட்டாணியைத் தின்னாமல் காலுறைக்குள் ஒளிக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். பட்டம் எதுவும் கிடையாது. இங்கிலாந்தின் இடைக்கால இலக்கிய ஆராய்ச்சியை ஒரே நாளில் தலைகீழாகக் கவிழ்த்தவர் என்பதைத் தவிர, அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கவிழ்த்த கதைக்கு முன் கவிஞர் கதை. எங்கள் ஊர்க் கவிஞர் ஹேமோ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். எப்போது பிறந்தார், எங்கே இறந்தார், முகம் எப்படி இருந்தது என்று எதுவும் யாருக்கும் தெரியாது. ஆகவே கடைத்தெரு நடுவில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஹேமோ பேக்கரி, ஹேமோ முடிதிருத்தகம், சாக்கடை அடைப்பு எடுக்கும் ஹேமோ அண்ட் சன்ஸ் எல்லாம் இருக்கின்றன. அவர் பாட்டை முழுக்கப் படித்தவர்தான் ஊரில் குறைவு.

அந்தப் பாட்டு ஒரு கல்யாண விருந்தின் சமையலைப் பற்றியது. மிஞ்சியிருப்பவை மூன்று தோல் ஏடுகள். ரொட்டிக்கு ஓர் ஏடு, கறி பொதிந்த பேஸ்ட்ரிக்கு ஓர் ஏடு, முட்டைக் கஸ்டர்டுக்கு ஓர் ஏடு. தையல் அறுந்து கிடந்த அவற்றில் பக்க எண் கிடையாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கஸ்டர்ட் முதல், பேஸ்ட்ரி நடு, ரொட்டி கடைசி என்று அடுக்கிப் பதிப்பித்தார். ஆன்மா இனிப்பைத் துறந்து எளிமையை அடைகிறதாம். அன்றிலிருந்து ஜூன் முதல் சனிக்கிழமை, கவிஞர் நாளில், எல்டர்ஹர்ஸ்ட் முழுவதும் கஸ்டர்டை முதலில் தின்று, பேஸ்ட்ரியைத் தின்று, காய்ந்த ரொட்டியோடு விருந்தை முடிக்கும். விருந்தை இனிப்பில் தொடங்குவது வேறு ஊர்களில் மங்களமாக இருக்கலாம். இங்கிலாந்தில் அது ஒழுக்கக்கேடு. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையே தனி.

ஏடுகளில் மூன்று இடங்கள் அறிஞர்களைத் தூங்கவிடாதவை. கஸ்டர்ட் ஏட்டில் அடுப்பு வாயருகே ஒரு பூனை தூங்குகிறது. அது சோம்பல் என்னும் பாவம். பேஸ்ட்ரி ஏட்டில் சமையல்காரன் அடுப்புக்குள் கையை விட்டுப் பத்து எண்ணுகிறான். அது பத்துக் கட்டளைகள். ரொட்டி ஏட்டில் அவன் புருவம் பொசுங்குகிறது. அது பரிசுத்த ஆவியின் நெருப்பு. இந்தப் புருவத்தை மட்டும் பேராசிரியர் டெஸ்மண்ட் கிரெய்லிங் முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தார். அவருடைய புதிய பதிப்பு ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகவிருந்தது. போனால் இன்னும் நூறு ஆண்டுக்கு அந்த வரிசையை அசைக்க முடியாது.

ஏவிஸ் இதில் எப்படி நுழைந்தார் என்றால், பீட்சா வழியாக.

மூன்று வாத்து விடுதியின் பின்கட்டில் பழைய செங்கல் அடுப்பு ஒன்று உண்டு. உள்ளேயே விறகை எரித்து, தணலை வாரி வெளியே கொட்டிவிட்டு, செங்கல்லில் ஏறிய சூட்டில் சமைக்கும் வகை. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஏவிஸ் அதில் ஊருக்குப் பீட்சா சுடுவார். பீட்சா முடிந்த சூட்டில் ரொட்டி. ரொட்டி முடிந்த சூட்டில் பேஸ்ட்ரி. கடைசி இளஞ்சூட்டில் கஸ்டர்ட். போன ஆண்டு கவிஞர் நாளில் கஸ்டர்ட் தட்டோடு மேடைக்குப் பின்னால் நின்றபடி, நாற்பதாவது தடவையாக அந்தப் பாட்டைக் கேட்டார். பூனை, கை, புருவம்.

"க்ளிஃப்!" என்று கணவரின் விலாவில் இடித்தார். "இது பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. மூணும் தெர்மாமீட்டர்!"

"கஸ்டர்டக் கொட்டிராத கண்ணு" என்றார் க்ளிஃப்.

"ஏடுகள தலைகீழா அடுக்கி வச்சிருக்கானுங்க! புருவம் பொசுங்குற சூட்டுல ரொட்டி. கை தாங்குற சூட்டுல பேஸ்ட்ரி. பூனை படுக்குற சூட்டுல கஸ்டர்ட். நான் வாராவாரம் செய்யுறது!"

ஓராண்டு முழுவதும் அவர் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் நன்றி தெரிவித்தது. மறுபடி எழுதினார். மறுபடி நன்றி தெரிவித்தது. நன்றி தெரிவிப்பதில் அந்தப் பல்கலைக்கழகத்தை மிஞ்ச ஆளில்லை.

இந்த ஆண்டு பேராசிரியரே விழாவுக்கு வந்து மூன்று வாத்தில் தங்கினார். மறுநாள் காலை, அவர் முட்டையை உடைக்கும் நேரம் பார்த்து ஏவிஸ் எதிரே உட்கார்ந்தார். கவிஞர் கழகத் தலைவி பெர்னிஸ் பில்ச்சர் தடுக்க ஓடிவந்தும் பலனில்லை.

"புரொஃபசர், நீங்க விறகடுப்புல எப்பவாச்சும் சமைச்சிருக்கீங்களா?"

"மிஸஸ் ஹாக்பென், நான் சாதா அடுப்புலயே சமைச்சதில்ல."

"அப்ப அடுப்பு சூடாகிட்டே போகும்னு எப்படி எழுதுனீங்க? பூனை மொதல்ல, புருவம் கடைசியிலயா?"

"நடுவுல விறகு போட்டிருக்கலாமே."

"கஸ்டர்ட் உள்ள இருக்கும்போதா? சாம்பல் கஸ்டர்டா?"

பேராசிரியரின் கரண்டி முட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஏவிஸ், அவர நிம்மதியாச் சாப்பிட விடு" என்றார் பெர்னிஸ். அவர் கவலை வேறு. "நூத்தம்பது வருஷமா நாம கஸ்டர்ட மொதல்ல தின்னுட்டு வர்றோம். இப்பப் போய் தப்புன்னா, ஊரு மானம் என்னாகும்?"

"ஊரு மானம் கஸ்டர்டுலயா இருக்கு?"

"பின்ன வேற எதுல இருக்கு?" என்றார் பெர்னிஸ், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்.

ஏவிஸ் மேசையில் கையூன்றி எழுந்தார். "சனிக்கிழமை அடுப்ப மூட்டுறேன். உங்க வரிசையில, உங்க கையால சமைங்க. சரியா வந்துச்சுன்னா இனி ஒரு கடுதாசியும் எழுத மாட்டேன். வரலேன்னா ஏட்ட மாத்தணும்."

நல்ல அறிஞருக்கு ஒரு பலவீனம் உண்டு. சோதனை என்று யாராவது சொன்னால் மறுக்கத் தெரியாது. பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை பின்கட்டில் ஊரே கூடிவிட்டது. முந்நூறு பேர், மதில்மேல் நாற்பது பேர், பக்கத்து ஊரிலிருந்து சிரிப்பதற்கென்றே வந்தவர்கள் ஒரு பேருந்து. ஏழு மணிக்கு மூட்டிய அடுப்பை ஒன்பதரைக்கு வாரித் துடைத்தார் ஏவிஸ். பேராசிரியர் மேலங்கியைக் கழற்றி, கஸ்டர்ட் தட்டை நீளத் துடுப்பில் ஏந்தி, முன்னே போனார்.

கதவைத் திறந்து குனிந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம்.

அவர் நிமிர்ந்தபோது இடப்பக்கப் புருவம் இல்லை.

"என் புருவம்!" என்று கத்தினார் பேராசிரியர். வலியில் கத்தியதாக நினைத்து க்ளிஃப் தண்ணீர் வாளியோடு ஓடினார். ஆனால் அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "மிஸஸ் ஹாக்பென்! பாருங்க, பொசுங்கிடுச்சு! மொதல்லயே பொசுங்கிடுச்சு!"

"இன்னொண்ண விட்டு வைங்க" என்றார் ஏவிஸ். "இன்னும் ரெண்டு ஏடு இருக்கு."

நான்கு நிமிடத்தில் கஸ்டர்ட் கொதித்துப் பொங்கி, தார் போலக் கறுத்து, ஒரு சிறு வெடியோடு உயிர்விட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். பதினொன்றரைக்கு ஏவிஸ் அடுப்புக்குள் கையை விட்டு உரக்க எண்ணினார். ஊரும் சேர்ந்து எண்ணியது. பத்தில் கையை எடுத்தார். பேராசிரியரும் விட்டுப் பார்த்தார், ஏழில் எடுத்துவிட்டார். பல்கலைக்கழகக் கை அவ்வளவுதான் தாங்கும். பேஸ்ட்ரி பொன்னிறமாக வந்தது. அது எந்த வரிசையிலும் நடுவில்தான் இருக்கிறது என்பதால் யாருக்கும் வெற்றி இல்லை.

கடைசியாக ரொட்டி. மூன்று மணிவரை காத்திருந்தும் உள்ளே அது வெளுத்து, மெழுகுபோல் கிடந்தது. பெர்னிஸ் விடவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க. பரிசுத்த ஆவி அவசரப்படாது!"

அப்போதுதான் விடுதிப் பூனை வந்தது. முந்நூறு பேரையும் பொருட்படுத்தாமல் நடுவே நடந்து, அடுப்பு வாயருகே செங்கல்லை முகர்ந்து, மூன்று சுற்றுச் சுற்றி, படுத்துத் தூங்கிவிட்டது.

பின்கட்டில் எழுந்த கூச்சலில் மதில்மேல் இருந்த இரண்டு பேர் அந்தப் பக்கம் விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை. பேராசிரியர் ஏவிஸின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஒற்றைப் புருவத்தோடு குதித்தார். "கண்ணெதிர்ல ஒருத்தன் சமைக்கறதத்தான் ஹேமோ எழுதியிருக்கார்! நான் முப்பது வருஷமா அவர கோயில்ல தேடிட்டிருந்தேன், அவர் சமையக்கட்டுல நின்னிருக்கார்!"

"அங்கதான் சாப்பாடு கெடைக்கும்" என்றார் ஏவிஸ். சொன்னவர் முகம் திருப்பி ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். அடுப்பு அணைந்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கேயே நின்று பேராசிரியர் அச்சகத்துக்குத் தொலைபேசினார். "ரொட்டி மொதல்ல. ஆமா, கஸ்டர்ட் கடைசி. இல்லப்பா, நான் குடிக்கல."

கழகம் அவசரக் கூட்டம் போட்டது. ஆராய்ச்சி முடிவை ஒருமனதாக ஏற்றது. அதே ஒருமனதோடு, கவிஞர் நாளில் கஸ்டர்டையே முதலில் தின்பது என்றும் தீர்மானித்தது. நூற்றைம்பது ஆண்டுத் தவறு என்பது எங்கள் சொந்தச் சொத்து, உண்மையோ எல்லோருக்கும் பொது என்று பெர்னிஸ் விளக்கினார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இருநூற்றுப் பத்துப் பேரும் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நவம்பரில் புத்தகம் வந்தது. புதிய வரிசை. அறுபத்தெட்டாம் பக்கத்து அடிக்குறிப்பில், இவ்வரிசையைக் கண்டறிந்தவர் எல்டர்ஹர்ஸ்ட் பள்ளிச் சமையலர் ஏவிஸ் ஹாக்பென் என்று இருந்தது. க்ளிஃப் அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். ஏவிஸ் புத்தகத்தைப் பிடுங்கி, மூக்கருகே வைத்து, மீதிக் குறிப்பையும் படித்தார்.

"என்ன கண்ணு, பேரு தப்பா?"

"பேரு சரிதான். அடுப்பு சூடேற ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கார். ரெண்டரை."

"அரை மணி நேரந்தானே, விட்டுத்தள்ளு."

"விட்டா? இன்னும் நூறு வருஷத்துக்கு ஊருல ஒருத்தனுக்கும் ரொட்டி வேகாது, க்ளிஃப். அந்தப் பேனாவ எடு."