அப்பாவோடு கார்ப் பந்தயம் விட்ட ரஹிமா அத்தை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ரஹிமா அத்தையை நல்லவர், பொறுமைசாலி என்று மட்டும் எழுதினால், "யாரப் பத்திடி எழுதியிருக்க?" என்று அவரே கேட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சவூதியிலிருந்து அத்தையின் கணவர் சலீம் மாமா அப்பாவை அழைத்தார். காய்ச்சலுக்காகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அத்தை விடிகாலையில் இறந்துவிட்டார்.

"எனக்கு லீவு கெடைக்கலண்ணே. என் பங்குக்கு நீங்க மண்ணு போடுங்க."

அடக்கத்தின்போது மூன்று பிடி மண் போடுவது அவர்கள் வழக்கம். அப்பா போனை வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடியும் மடக்கினார். மண்ணை அள்ளிவிடலாம். போடும் நேரத்தில் கை விரிய வேண்டுமே.

அத்தை எங்கள் மாடி வீட்டில் குடியிருந்தார். அப்பா வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவார். ஓரிடத்தில் உட்காரமாட்டார். போனில் கார்ப் பந்தயம் ஆடும்போதுகூட மொட்டை மாடியில் நடந்துகொண்டேதான் ஆடுவார். வேலை முடிந்து வந்ததும் அவரும் சவூதியில் இருக்கும் சலீம் மாமாவும் ஒரே பந்தயத்தில் சேர்ந்துகொள்வார்கள். அதிலேயே ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும். ஓட்டியபடியே வாடகை, வயிற்றுவலி, மாமியார் என்று எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள்.

"சும்மா போன் பண்ணா, சாப்ட்டியா, சாப்ட்டேன், அவ்ளோதான் வருது பாப்பா. இதுல இடிச்சிக்கிட்டே பேசிடலாம்" என்றார் என்னிடம்.

தெருவில் கேலி செய்தார்கள். "புருசன் அங்க வெயில்ல காயுறான், இவ இங்க கார் ஓட்டுறா."

"அவரோடதாங்க ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அத்தை மாடியேறிவிடுவார்.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை உள்ளே மடங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்து ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். அப்பா அதை மூலையில் வீசினார். அம்மா சோறு ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் அத்தை தன் போனை நீட்டினார். "ஆளு பத்தலண்ணே. ஒரு ரவுண்டு வாங்க."

அப்பா இடது கட்டைவிரலால், அச்சுக்குள் களிமண்ணை அமுக்கிப் பழகிய அதே பலத்தோடு அமுக்கினார். போன் கண்ணாடி விரிசல் விட்டது.

"அண்ணே, இது மண்ணு இல்லண்ணே. தொட்டாலே போதும்."

நோய் வந்தபின் அப்பா அன்றுதான் சிரித்தார்.

மறுநாள் அத்தை அப்பாவின் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டினார். "இதுக்கு லீவு. இனிமே அந்தக் கை ஓட்டட்டும்."

"விழுந்துடப் போறாரு ரஹிமா" என்று அம்மா பதறினார்.

"விழுந்தா தூக்கிக்கலாம் அண்ணி."

மாதக்கணக்கில் அப்பாவின் கார் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. அத்தை இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததில்லை. முன்கோபக்காரர், ஏமாற்றவும் செய்வார். அப்பா முந்தப்போனால் பக்கவாட்டில் இடித்துத் தள்ளிவிடுவார். சவூதியிலிருந்து மாமா, "அண்ணே, இன்னைக்கும் கடைசிதானா?" என்று சீண்டுவார். சண்டை போடுவதற்காகவே அப்பா பேசத் தொடங்கினார். அத்தையைத் தோற்கடிப்பதற்காகவே மூலையில் கிடந்த பந்தை எடுத்துவரச் சொன்னார்.

இப்போது அப்பா தானே சோறு பிசைந்து சாப்பிடுகிறார். சட்டைப் பொத்தான் போட இன்னும் வரவில்லை. அச்சு வேலைக்கும் திரும்பவில்லை. விளையாட்டுதான் குணப்படுத்தியது என்று எழுதினால் அது பொய். பயிற்சியும் மாத்திரையும் இருந்தன. ஆனால் நாளை என்று ஒன்று வேண்டும் என்ற ஆசையை அப்பாவுக்கு அந்தப் பந்தயம்தான் கொடுத்தது. புத்தகம் படிக்கும்போது நான் தனியாக இருப்பேன். அவர்கள் மூவரும் கடல் தாண்டியும் ஒன்றாக இருந்தார்கள்.

மாலையில் அடக்கம். ஆட்டோவில் ஏறும்வரை அப்பா கையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தேன். புத்தகத்தை எடுத்தேன், ஒரு வரிகூட ஏறவில்லை.

அப்பா திரும்பி வந்து, குளித்துவிட்டுப் போனை எடுத்தார். சலீம் மாமா பந்தயத்துக்குள் வந்து காத்திருந்தார்.

"போட்டுட்டேன் தம்பி."

மாமா கேட்டார். "கை விரிஞ்சுதாண்ணே?"

"ரெண்டு பிடி விழுந்துடுச்சு. மூணாவது உள்ளயே நின்னுக்கிச்சு. பின்னாடி ஆளுங்க நின்னாங்க. நான் நவுரல தம்பி. விரியற வரைக்கும் அங்கயே நின்னேன்."

பந்தயம் தொடங்கும் மணி அடித்தது. முகம் தெரியாதவர்களின் கார்கள் சீறிக்கொண்டு போய் மறைந்தன. இரண்டு கார்கள் மட்டும் கோட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

போயிட்டு வாங்க, அத்தை.

மாடி வீட்டில் கூடியிருந்தவர்கள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.